ஏழாம் பாடம் பார்த்தவர்கள்

கோகிலாவின் வேலைக்குப் பெயர் கற்றல் தொழில்நுட்ப நூலகர். கொல்லிமலையில் அந்தப் பெயர் ஒருவருக்கும் விளங்காது. பல்கலைக்கழகத்திலேயே பாதிப் பேருக்கு விளங்காது, அது வேறு கதை. செம்மேட்டில் பல்கலைக்கழகத்தின் மலை மையம் என்று ஒரு கட்டடம் உண்டு. அதில் இரண்டு அலமாரி புத்தகம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு புரொஜெக்டர், அப்புறம் கோகிலா. கீழே தலைமை அலுவலகத்தில் எடுத்த பாட வீடியோக்களை மலையில் படிக்கிறவர்களுக்குக் கொண்டுசேர்ப்பது அவள் பொறுப்பு.

படிக்கிறவர்கள் முப்பத்தேழு பெண்கள். எல்லாரும் அங்கன்வாடி உதவியாளர்கள். குழந்தைக் கல்விப் பட்டயத் தேர்வில் தேறினால் பணியாளராகலாம். தேறாவிட்டால் ஆயுசுக்கும் பாத்திரம் கழுவிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பெயரில் உள்ளே நுழைந்து வீடியோவைப் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடம் ஓடியது என்று கம்ப்யூட்டர் எண்ணும். முக்கால் பங்கு ஓடாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. விதி போட்ட மகராசன் அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி மேலே வந்திருக்கவே மாட்டான். இங்கே ஒரே நேரத்தில் இரண்டு பேர் வீடியோவைத் திறந்தால் மூன்றாமவருக்கு வட்டம்தான் சுற்றும்.

கோகிலா ஒரு வேலை செய்தாள். வாரம் முழுக்கத் தன் பெயரில் பாடங்களை இறக்கி வைத்துக்கொள்வாள். சனிக்கிழமை காட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு பெண்கள் பஸ் பிடித்து வருவார்கள். வெள்ளைச் சுவரில் படம் ஓடும். முப்பத்தேழு பேரும் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள், எழுதுவார்கள், போகும்போது வருகை நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். எட்டு மாதம் இப்படித்தான் நடந்தது. கம்ப்யூட்டர் கணக்கில் மட்டும் முப்பத்தேழு பேருக்கும் பூஜ்யம்.

வெள்ளிக்கிழமை தேர்வு. செவ்வாய்க்கிழமை பூபதி வந்து இறங்கினார். மின்கற்றல் பிரிவுக்கே அதிகாரி. எழுபது கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து அவர் வயிற்றைப் பதம் பார்த்திருந்தன. சோடா குடித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து போடும்மா. ஹால் டிக்கெட் நிறுத்தினதுக்கு ஃபைல்ல வைக்கணும்."

'கீழ்க்கண்ட முப்பத்தேழு மாணவியரும் பாடங்களைப் பார்க்கவில்லை எனச் சான்றளிக்கிறேன்' என்று இருந்தது.

"பாத்தாங்களே சார்," என்றாள் கோகிலா.

"சிஸ்டத்துல பூஜ்யம்னு இருக்கே."

"சிஸ்டம் இந்த ரூமுக்கு வரலீங்க சார். நான் இருந்தேன். நோட்டுல கையெழுத்து இருக்குது, பாருங்க."

"நோட்டெல்லாம் செல்லாது. கீழே நாலாயிரம் பேர் ஒழுங்கா பாக்கலியா? நூத்துக்கு நூறு. மலையில இருக்கறவங்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" குரலைத் தாழ்த்தினார். "உன்னோட ஒப்பந்தப் புதுப்பிப்பு என் மேஜையிலதான் கிடக்கு. யோசிச்சுக்கோ."

கோகிலாவுக்குப் பயம்தான், மறைப்பானேன். வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்தி. ஆனால் பயம் வந்த கையோடு கோபமும் வந்தது.

ஹால் டிக்கெட் ஏன் திறக்கவில்லை என்று கேட்க, குண்டனி நாடு என்கிற மலையூர்த் தொகுதியிலிருந்து சென்னம்மாள் காலையிலேயே வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது, பதினான்கு வருடமாக உதவியாளர். அவள் எழுந்தாள்.

"ஏனுங்க சார், நாங்க பாக்கலைன்னு யாருங்க சொன்னது? எந்தப் பாடம்னாலும் கேளுங்க."

பூபதிக்குச் சிரிப்பு வந்தது. "சரி, ஏழாம் பாடம் சொல்லு."

"குழந்தையும் வீட்டுச் சூழலும்," என்று தொடங்கினாள் சென்னம்மாள். குழந்தை முன்னால் பெரியவர்கள் சண்டை போடக் கூடாது, தினமும் கதை சொல்ல வேண்டும் என்று மளமளவென்று ஒப்பித்தாள். பூபதி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அவள் மூச்சு வாங்கிவிட்டு மேலே போனாள். "அப்பறம், தொட்டி நெறஞ்சா உடனே மோட்டரை நிறுத்தோணும். கத்திரிக்கா முத்தலா இருந்தா கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துப்போடோணும். மச்சான் வந்தா ஐயா ஊட்டுல இல்லைன்னு சொல்லிப்போடோணும்."

"என்னம்மா உளர்றே?"

"பாடத்துல இருந்துச்சுங்க. பதினெட்டாம் நிமிசத்துல இருந்து கடேசி வரைக்கும் இதுதானுங்க. இதெல்லாம் எதுக்குன்னு எங்களுக்கும் ரோசனைதான். வீட்டுச் சூழல்னு தலைப்புப் போட்டிருந்துச்சா, பரீட்சைக்கு வருமாட்டிருக்குதுன்னு எல்லாரும் எழுதி வெச்சுக்கிட்டோம்."

கோகிலாவுக்கும் இது புதுச் செய்தி. ஏழாம் பாடம் ஓடிய சனிக்கிழமை, படத்தைப் போட்டுவிடும் பொறுப்பைச் சென்னம்மாளிடம் விட்டுவிட்டு, இதே பூபதி நடத்திய பயிற்சிக்குக் கீழே போயிருந்தாள். இப்போது வீடியோவைப் போட்டாள். பதினெட்டாம் நிமிடத்தில் பேராசிரியர் தண்ணீர் குடிக்க நிறுத்துகிறார். போன் வருகிறது. காமிராவை அணைக்க மறந்து, மனைவியிடம் இருபத்திரண்டு நிமிடம் குடும்பம் நடத்துகிறார். மோட்டார், கத்திரிக்காய், மச்சான், ஒன்று விடாமல் இருந்தது. கோகிலா வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் வீடியோவின் அடியில் இருந்ததைப் படித்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

"முழுதாகப் பார்த்தவர்கள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். புகார் ஏதும் இல்லை," என்று சத்தமாகவே வாசித்தாள். "முழுவதும் பார்த்துச் சரிபார்த்தவர், பூபதி."

பூபதி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கீழே எல்லாரும் வீடியோவை ஓடவிட்டுட்டு அவங்கவங்க சோலியைப் பாத்திருக்காங்க சார். நீங்களும்தான். உக்காந்து பாத்தது இவங்க மட்டும்தான்."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலில் திடீரென்று பாசம். "இங்க பாரும்மா, இதைப் பெருசு பண்ணாதே. முப்பத்தேழு பேருக்கும் ஹால் டிக்கெட் நான் வாங்கித் தர்றேன். பாக்கலைன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் குடுக்கட்டும். கருணை அடிப்படையில விட்டுரலாம். உன் ஃபைலும் நகர்ந்துரும்."

கோகிலா தடுமாறினாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளிக்கிழமை எல்லாரும் தேர்வு எழுதலாம். முடியாது என்றால் என்ன ஆகுமோ, யார் கண்டது. தன் வேலையைப் பணயம் வைக்க அவளுக்கு உரிமை உண்டு, இவர்கள் தேர்வை வைக்க ஏது? சென்னம்மாளைப் பார்த்தாள்.

"கருணை எதுக்குங்க?" என்றாள் சென்னம்மாள். "அங்கன்வாடியில குழந்தைக பொய் சொன்னா நான்தானுங்க கண்டிக்கறேன். பாக்கலைன்னு எழுதிக் குடுத்துப்போட்டு அதுக மொகத்துல எப்படி முழிக்கிறது? பாத்தோம்னு எழுது கண்ணு. வாரது வரட்டும், மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

அதற்குமேல் கோகிலா யோசிக்கவில்லை. பதிவாளருக்கு நேரடியாக மெயில் அடித்தாள். முப்பத்தேழு பேரும் பார்த்தார்கள் என்று எழுதினாள். எப்படிப் பார்த்தார்கள், கணக்கில் ஏன் பூஜ்யம் என்பதையும், ஏழாம் பாடத்தின் கதையையும் எழுதினாள். சென்னம்மாளின் நோட்டைப் படம் பிடித்து, வருகை நோட்டையும் சேர்த்து இணைத்தாள். பூபதி கொடுத்த தாளையும் விடவில்லை. அனுப்பு என்று தட்டினாள். வட்டம் சுற்றத் தொடங்கியது. யாரையோ கூப்பிடப் பூபதி போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தார். சிக்னல் கிடைக்கவில்லை. பன்னிரண்டு நிமிடம் கழித்து மெயில் போய்ச் சேர்ந்தது.

"உன் வேலை போயிரும்மா," என்றார் காரில் ஏறும்போது.

"போகட்டுங்க சார். இவங்க பரீட்சை என் கையெழுத்தால போகக் கூடாது."

புதன்கிழமை ஒன்றும் வரவில்லை. கோகிலாவுக்கு ஆறு பேர் போன் செய்தார்கள், ஆறு பேரிடமும் "வரும்" என்றாள். அவளுக்கே அதில் பாதி நம்பிக்கைதான். வியாழன் மதியம் முப்பத்தேழு ஹால் டிக்கெட்டும் திறந்தன. கருணை என்ற சொல் எதிலும் இல்லை. ஏழாம் பாடம் நீக்கப்பட்டிருந்தது.

கூடவே அவள் பெயருக்கு ஒரு குறிப்பாணை. மேலதிகாரியைத் தாண்டிப் பதிவாளருக்கு நேரடியாக எழுதியது ஏன், மூன்று நாளில் விளக்கம் தருக, அதுவரை ஒப்பந்தப் புதுப்பிப்பு நிறுத்திவைக்கப்படுகிறது.

அவள் முதலில் ஹால் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அச்செடுத்தாள். வாங்கிப் போகப் பெண்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். கடைசி ஆள் போன பிறகுதான் குறிப்பாணையை எடுத்தாள். விளக்கம் எழுத மூன்று நாள் தேவைப்படவில்லை.

'அவர்கள் பார்த்தார்கள். மேலதிகாரி பார்க்கவில்லை. அதனால் அவரைத் தாண்டி எழுதினேன். இனியும் எழுதுவேன்.'

கீழே முழுப்பெயரையும் பதவியையும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.