வியாகுலம்மாளுக்கு எல்லாம் புரிகிறது

காசிமேட்டில் இருபது வருடம் மீன் ஏலம் விட்ட வியாகுலம்மாளுக்குப் பக்கவாதம் வந்தபின் வாயில் மிஞ்சியது ஒரே சொல்: ஆண்டவரே. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் அதுதான். பார்க்க வந்த மாதா கோயில் பங்கு மக்கள் உருகிப்போனார்கள். இந்த நிலையிலும் என்ன பக்தி என்றார்கள். அவள் அவர்களை எழுந்து போகச் சொல்கிறாள் என்பது மகள் கரோலினுக்கு மட்டும்தான் தெரிந்தது.

வியாகுலம்மாளின் தம்பி ஆண்ட்ரூ தினமும் திருவொற்றியூரிலிருந்து வந்து அவளுக்காகப் பேசினான். அக்காவுக்குக் கஞ்சிதான் பிடிக்கும் என்றான்; அவள் ஆயுளில் கஞ்சியைத் தொட்டதில்லை. புத்தி மழுங்கிவிட்டது என்று அவள் காதுபடவே சொன்னான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த சாபிரா ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்தாள். படத்தைத் தொட்டால் பேசும். வியாகுலம்மாள் இடது கையால் டம்ளர் படத்தைத் தொட்டாள். தயவுசெய்து எனக்குச் சிறிது நீர் அருந்தத் தர முடியுமா என்றது, விமான நிலைய அறிவிப்புக் குரலில். அப்படிப் பேசினால் காசிமேட்டில் ஒரு கூடை நெத்திலிகூட விற்காது. படங்களில் பனிமனிதன் இருந்தான், பியானோ இருந்தது. மீன் இல்லை. கோபம் என்ற பொத்தானை அழுத்தினால், நான் சற்று வருத்தமாக இருக்கிறேன் என்றது. இதைச் செய்தவன் யாரோடும் சண்டை போட்டே இருக்க மாட்டான். அவள் அதைக் கவிழ்த்துவைத்தாள்.

பொத்தான்களை மாற்றலாம், வீட்டிலுள்ளவர் குரலையே பதியலாம் என்றாள் சாபிரா. கரோலின் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க, அம்மா தலையசைத்ததை மட்டும் பதிந்தார்கள். இரண்டு வாரம் ஆனது. அதன்பின் வியாகுலம்மாள் தினமும் பொத்தானை அழுத்தி, அதோடு சேர்ந்து உதட்டை அசைத்தாள். மெஷின் பேசினால் நாக்கு சோம்பேறியாகிவிடும் என்றான் ஆண்ட்ரூ. நாக்கைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதை ஓயாமல் ஆட்டுவதுதான்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் நாலு பேரைக் கூட்டிவந்து, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட்டதாக அறிவித்தான். அக்கா சம்மதித்துவிட்டாளாம். அவளையே ஒரு வார்த்தை கேட்கலாமே என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"இன்னா கேட்டாலும் ஆண்டவரேன்னுதான் சொல்லுது. அதுக்கு இன்னா புரியப் போவுது?"

வியாகுலம்மாள் அழுத்தினாள்.

"எனக்கு எல்லாம் புரியுது."

குரல் கரோலினுடையது என்பதால் ஆண்ட்ரூ அவளை முறைத்து, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றான். கரோலின் வாயை இறுக மூடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வியாகுலம்மாள் டேப்லெட்டைத் தூக்கி அவன் மூக்குக்கு நேரே பிடித்து, கட்டைவிரலால் அடுத்ததை அழுத்தினாள்.

"நான் எங்கியும் வர்ல. எனக்கோசரம் நீ பேசாத. வாய மூடு."

மெஷின் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா என்றான் அவன். மறுபடி அழுத்தினாள். மறுபடியும். நாலாவது தடவைக்கு, வந்தவர்கள் செருப்பைத் தேடிப் போய்விட்டார்கள். அவன் மட்டும் நின்றான். அவள் டேப்லெட்டை மடியில் வைத்தாள். உதடு கோண, மூச்சு முட்ட, ஒரு சொல்லை எங்கிருந்தோ இழுத்துவந்து தன் வாயாலேயே சொன்னாள்.

"போ."

போனான். வீடு இவ்வளவு நிம்மதியாக இருந்ததேயில்லை என்று கரோலின் மறுவாரம் சாபிராவிடம் சொன்னாள். சொந்த வாயால் ஒரு சொல் வந்ததில் சாபிராவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்ததாக 'வா' என்ற சொல்லைப் பழகலாமா என்று கேட்டாள்.

வியாகுலம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள்.