காதை வெட்டாமல்

2019 மார்ச் 11, ஓஷ் நகரம். மருத்துவமனைப் பயிற்சி அறையின் நீண்ட மேசையில் ஆறு ஆட்டுத் தலைகள் வைக்கப்பட்டன.

முகத்தை அசைக்கும் நரம்பை வெட்டாமல் காதோரப் புற்றுக்கட்டியை எடுக்க மருத்துவர்களுக்குக் கற்றுத்தர தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வந்திருந்தார் ஜில்திஸ். ஓஷில் அதுவரை கட்டியோடு நரம்பும் போய்விடும். நோயாளி பிழைப்பார், வாய் ஒரு பக்கம் தொங்கும், கண் மூடாது.

மேல்மாடி வார்டில் அப்படியொரு கட்டியோடு மஸ்தூரா காத்திருந்தார். ரொட்டி சுடுகிறவர். மூடாத கண்ணோடு தந்தூர் அடுப்புக்குள் குனிய முடியாது என்பது அவருக்குத் தெரியும். தலைநகருக்குப் போகவும் மறுத்துவிட்டார். ஜில்திஸ் வகுத்த விதி எல்லோருக்கும் ஒன்றுதான்: ஆட்டுத் தலையில் நரம்பைச் சேதமில்லாமல் பிரித்துக் காட்டுபவரே மஸ்தூராவைத் தொடலாம். யாராலும் முடியாவிட்டால் அவர் பிஷ்கேக்குக்குத்தான் போக வேண்டும்.

முதல் கத்தியை எடுத்தவர் தாஷ்தெமிர். துறைத் தலைவர், ஓய்வுபெற ஓராண்டே இருந்தது. ஆட்டுத் தலையை எதிரில் கண்டதும் கை தன் போக்கில் போயிற்று. ஒரு காதை அறுத்து, கூட்டத்திலேயே இளையவரான டாக்டர் மெரிமிடம் நீட்டினார்.

"இந்தா பொண்ணு, பெரியவங்க சொல்றத நல்லாக் கேளு."

அந்த ஊர் விருந்துகளில் வெந்த ஆட்டுத் தலையின் காதை அறுத்து இளையவருக்குக் கொடுப்பது மூத்தவர் வழக்கம். எல்லோரும் சிரித்தார்கள். ஜில்திஸ் சிரிக்கவில்லை. ஆனாலும் அண்ணன் என்று பொருள்படும் 'பைகே' என்றே அவரை அழைத்தார்.

"பைகே, நரம்பு எங்க இருக்குன்னு காட்டுறதே காதோட குருத்தெலும்புதான். அதப் போயி விருந்துக்குக் குடுத்துட்டீங்களே?"

அந்த ஊரில் தாஷ்தெமிரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவர் மெரிமின் கையிலிருந்த காதைப் பார்த்தார்.

"போச்சு தங்கச்சி. ஒட்ட வச்சாலும் ஒட்டாது." கத்தியைக் கீழே வைத்தார். "இன்னொரு தலை தருவியா?"

"ஆளுக்கு ஒண்ணுதான் பைகே. மிச்சமில்ல."

மறுநாள் காலை தாஷ்தெமிரே சந்தையிலிருந்து இரண்டு தலைகளோடு வந்தார். மெரிமைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"என் கை காதுப் பக்கம் போச்சுன்னா ஒரு அடி போடு."

"உங்களையா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டுல சேக்க மாட்டாங்க, பைகே."

"அடிக்கலன்னா நான் சேக்க மாட்டேன்."

மெரிம் ஒரு முறை அடித்தார், பலமாகவே. மதியத்துக்குள் குருத்தெலும்பு முனைக்குக் கீழே வெள்ளை நூல்போல நரம்பு தெரிந்தது. கிளைகள் பிரியும் இடம்வரை அதைப் பின்தொடர்ந்தார் தாஷ்தெமிர். எங்கும் அறவில்லை. ஜில்திஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"மஸ்தூரா உங்க நோயாளி, பைகே."

வெள்ளிக்கிழமை தாஷ்தெமிர் அறுவை செய்தார். ஜில்திஸ் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். கண்ணுக்குப் போகும் கிளை கட்டியோடு உரசிக்கொண்டிருந்த இடத்தில் தாஷ்தெமிரின் கத்தி நின்றது.

"இதுல எனக்குச் சந்தேகமா இருக்கு. நீ சொல்லு."

துறைத் தலைவர் ஒருவர் ஊழியர்கள் முன் அப்படிக் கேட்டு அங்கிருந்த செவிலியர்கள் பார்த்ததில்லை.

"கட்டி நரம்புல ஒட்டல. கீழிருந்து தூக்குங்க, வரும்."

வந்தது.

மறுநாள் காலை தாஷ்தெமிர் மஸ்தூராவின் கட்டிலருகே போய், கண்களை இறுக்கி மூடச் சொன்னார். இரண்டும் மூடின. ஏப்ரல் கடைசியில் மஸ்தூரா தந்தூரைப் பற்றவைத்தார்.