உதிரி மல்லி

டீயும் காபியும் அறவே கூடாது என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லிவிட்டார். புருஷனைப் பறிகொடுத்து ஒரு வருஷமாகியிருந்த அருள்மொழிக்கு மிச்சமிருந்த ஒரே ருசி அதுதான். ஆனால் டீ குடித்தாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதே, என்ன செய்வது?

கச்சிராயபாளையத்துக்குத் திரும்பியதும் வெந்நீர் குடித்துப் பார்த்தாள். தொண்டை நனைந்தது, மனசு நனையவில்லை. மலையடிவாரத்து ரோட்டோரம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த ஆவாரம்பூவைப் பறித்து வந்து, நிழலில் உலர்த்திக் கொதிக்க வைத்தாள். நிறம் டீ போலவே இறங்கியது. வாசனைதான் இல்லை. ஒருநாள் அந்தப் பூவைச் சாம்பிராணிப் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்துவிட, டம்ளர் முழுக்கச் சாம்பிராணி வாடை. குமட்டிக்கொண்டு வந்தாலும் யோசனை பிறந்தது அப்போதுதான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் சின்னக்கண்ணுவிடம் போய் உதிரி மல்லி கேட்டாள்.

"சாமிக்கா, அக்கா?"

"எனக்குத்தான்."

சின்னக்கண்ணு அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தாள். பூ வாங்க நின்ற பெண்களும் பார்த்தார்கள். அருள்மொழி பையை விரித்துப் பிடித்தபடியே நின்றாள்.

விரியாத மொட்டுகளையும் ஆவாரம்பூவையும் அடுக்கடுக்காய்ப் போட்டுச் சம்படத்தை மூடி வைத்தாள். விடிந்ததும் மல்லியைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஆவாரம்பூவில் ஒரு பிடி எடுத்து வெந்நீரில் போட்டாள். அடுப்படி மணத்தது.

மணம் மாமியார் கொளஞ்சியம்மாளையும் எட்டியது.

"பஸ் ஸ்டாண்டுல பூ வாங்கினியாமே. தாலியறுத்தவளுக்கு இன்னாத்துக்குடி பூவு?"

"தலையில வெக்கக் கூடாதுன்னுதான அத்த சொன்னீங்க. குடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

கொளஞ்சியம்மாள் சம்படத்தைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தாள். அருள்மொழியின் நெஞ்சு படபடத்தது. இது டீயால் வந்த படபடப்பு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் மறுபடி பையை எடுத்தபோது கொழுந்தன் தனசேகரன் வாசலில் மறித்தான்.

"ஊரே பேசிக்கினு இருக்குது அண்ணி."

"பேசட்டும் தம்பி. உங்கண்ணன் போனாருன்னு நான் மூக்கையுமா அறுத்துக்கணும்? நவுறு."

அவன் நகர்ந்தான். அவள் முன்பைவிட இரண்டு பங்கு மல்லி வாங்கி வந்தாள்.

காலையில் வாசற்படியில், தெருவைப் பார்த்து உட்கார்ந்து குடித்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். தினமும் அப்படியே குடித்தாள். கொளஞ்சியம்மாள் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தாளே தவிர, சம்படத்தைத் தொடவில்லை.

ஒருநாள் எதிர் வீட்டுக் கண்ணகி தெருவைத் தாண்டி வந்தாள். இருபது வயசிலேயே புருஷனை இழந்தவள்.

"எனக்கும் ஒரு வாய் குடு அருளு," என்று படியில் உட்கார்ந்தாள்.

பின்னால் கொளஞ்சியம்மாள் கதவை அறைந்து சாத்தினாள். அருள்மொழி திரும்பிப் பார்க்காமல் டம்ளரை நிரப்பினாள்.