ஒன்பதாம் மாடி இருந்த நாட்கள்

பத்தொன்பது நாள், நான்கு மணி நேரம் அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் ஒன்பதாம் மாடி இருந்தது. படிக்கட்டு எட்டோடு முடிந்தது. லிஃப்ட் மட்டும் மேலே போனது. முதல் நாள் பார்க்கப் போன மெக்கானிக் அங்கே இறங்கினார். சாப்பாட்டு டப்பா போய்க் காலியாகத் திரும்பியது. அவர் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகரவில்லை. "காத்து நல்லா வருது, மாத்துத் துணி அனுப்புங்க" என்று போனில் சொன்னார். அவர் மனைவி தினமும் லிஃப்ட் வாசலில் நின்றாள். தபால்காரர் ஒன்பதாம் மாடிக்கும் கடிதம் பிரிக்கத் தொடங்கினார்.

லிஃப்டுக்குக் கணினி நிரல் எழுதிய அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. அங்கே ஓர் அக்காவும் தங்கையும் வேலை பார்த்தார்கள். அக்கா நிரல்களை ஓடவிடாமலே ஒரு கருவியால் சோதிப்பவள். ஒவ்வோர் எண்ணையும் பார்க்கமாட்டாள். நிரலில் ஓர் எண் எது முதல் எது வரை போகலாம் என்ற எல்லையை வரிவரியாகக் கணக்கிடுவாள். எல்லைக்குள் ஆபத்து இல்லையென்றால் நிரல் எப்படி ஓடினாலும் ஆபத்து இல்லை. எல்லை சற்றுத் தாராளமானது, அதனால் வீண் எச்சரிக்கையும் வரும். மாடி எண் ஒன்பது வரை போகலாம் என்று வந்த எச்சரிக்கையையும் வீண் என்றார்கள் அலுவலகத்தில். 'எட்டைத் தாண்டாது' என்று அனுமானமாக ஒரு வரி எழுதிப் பெயர் போட்டால் கருவி நம்பிவிடும். அக்கா மறுத்தாள். மறுநாள் அவள் பெயரிலேயே அந்த வரி இருந்தது. அன்றுதான் ஒன்பதாம் மாடி வந்தது.

அதை மூன்று முறை அழித்தாள். மூன்று முறையும் திரும்பி வந்தது. எழுதியவர் வாயால் ஒப்புக்கொண்டால்தான் வரியும் மாடியும் போகும் என்று அலுவலகம் முடிவுசெய்தது. மெக்கானிக்கின் மனைவி முகத்தைப் பார்த்து, செய்யாததை அக்கா ஒப்புக்கொண்டாள். மாடி அசையவில்லை. மனதாரச் சொல்லவில்லை என்று வேலையை விட்டு அனுப்பினார்கள்.

பக்கத்து நாற்காலி தங்கையுடையது. அக்கா வாங்கிக் கொடுத்த வேலை. பத்தொன்பது நாளும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். "எந்தப் பாவி உன் பேர்ல எழுதுனானோ, அவன் நல்லாவே இருக்க மாட்டான்க்கா" என்று தங்கை தினமும் சொன்னாள். அக்கா தலையாட்டினாள்.

கடைசி நாள் மேலாளர் அக்காவிடம் அவள் கணினியின் கடவுச்சொல்லைக் கேட்டார்.

"என் தங்கச்சி பொறந்த நாள் சார். எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

அக்கா டப்பாவைப் பையில் வைத்தாள். மேலே எங்கோ லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, யாரோ ஏறுவதுபோல.

தங்கை மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "நான்தாங்க்கா எழுதுனேன்."