கைப்பிடி இல்லாத கதவுகள்

அக்காவை அருங்காட்சியகத்துக்கு அழைத்து வரச் சொன்னவர் எங்கள் இயக்குநர் அம்மாள். பழைய மனநல மருத்துவமனையை இடிப்பதற்கு முன் அங்கிருந்த கட்டில், கதவு, தட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து ஓர் அறையில் அப்படியே அடுக்கியிருந்தோம். அந்த அறையின் கதாநாயகி என் அக்காதான். அந்த மருத்துவமனையில் நோயாளியாக இருந்த காலத்தில் துண்டிலிருந்து நூலை உருவி, படுக்கை விரிப்பு முழுக்கக் கதவுகளாகத் தைத்து வைத்திருந்தாள். பழைய துணிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை என்பதால் அந்த விரிப்பும் என் மேசைக்கே வந்தது.

"ஒரு கதவுக்குக்கூட கைப்பிடி இல்ல, பாத்தீங்களா? அதுதான் கலை" என்றார் இயக்குநர்.

எனக்கு அவளை அழைத்து வர இஷ்டமே இல்லை. வீட்டுக்கு வந்து, தேறி, மாத்திரை குறைந்து, திங்கட்கிழமை ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர இருந்தாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. அது கெட்டுவிடுமோ என்று பயம். அவளோ, "நான் தெச்சதை நானே பாக்கக் கூடாதா?" என்று பவுடர் பூசிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நல்ல பகல், நல்ல கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் விரிப்பைப் பார்த்ததும் சிரித்தாள். "இந்த ஓரத்துல நூல் தீந்துபோச்சு. அதான் கோணல்."

அப்பாடா என்றிருந்தது. "கைப்பிடி ஏன்க்கா வைக்கல?"

"உள்பக்கம் ஏதுடி கைப்பிடி?" என்று திரும்பினாள்.

அப்போதுதான் நாங்கள் வந்த கதவைப் பார்த்தாள். அது அந்த மருத்துவமனைக் கதவேதான். எல்லாம் இருந்தது இருந்தபடியே வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக் காலில் நின்றதால், தச்சர் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்தே பொருத்தியிருந்தார். எங்களுக்குப் பின்னால் அது தானாகச் சாத்திக்கொண்டிருந்தது. தாழ் போடவில்லை, தள்ளினால் திறக்கும்.

அக்காவின் சிரிப்பு நின்றது. தடுப்புக் கயிற்றைத் தாண்டி, ஜன்னலை ஒட்டிய கட்டிலில் போய் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி அடியில் ஜோடியாக வைத்தாள்.

"அக்கா, எந்திரி. போலாம்."

"திறப்பாங்க."

"திறந்துதான்க்கா இருக்கு. இங்க பாரு." தள்ளிக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்கள் பக்கம் திரும்பி, "பேசாதீங்க, வர்ற நேரம்" என்று கிசுகிசுத்தாள். அவை காலிக் கட்டில்கள்.

யாரோ படம் எடுத்தார்கள். ஒரு பெண் தன் கணவரிடம், "நல்லா நடிக்கிறாங்கல்ல" என்றாள். அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அக்காவிடம் கெஞ்சினேன், கையைப் பிடித்து இழுத்தேன். கட்டிலோடு சேர்த்து இழுப்பது போல் கனத்தாள்.

அங்கே நர்சுகள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கட்டில் கிடக்கும் இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வெளியே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். உள்ளே கூட்டத்தின் பேச்சு சட்டென்று அடங்கியது. பிறகு சத்தம் கேட்கும்படி தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேன்.

"ஜன்னலோரம், வெளிய வா."

அக்கா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக நடந்து வந்தாள்.

"வரேன் சிஸ்டர்."

திங்கட்கிழமை வந்து போய்விட்டது. தண்ணீர் குடிக்க, விளக்குப் போட, எல்லாவற்றுக்கும் என் முன்னால் வந்து நிற்கிறாள். "குளிக்கப் போகட்டுமா சிஸ்டர்?" தங்கச்சிக்கும் அதே வார்த்தைதானே என்கிறார் என் வீட்டுக்காரர், என்னைத் தேற்றுகிறாராம். அதட்டிச் சொன்னால்தான் சாப்பிட உட்காருகிறாள். அதட்டுகிறேன். எனக்கு அது நன்றாகவே வருகிறது.