பையில் இருந்த அரை பன்

தட்டின் முன் உட்கார்ந்ததும், விளைவித்தவருக்கும் சமைத்தவருக்கும் மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் நான் சாப்பாட்டில் கை வைப்பேன். சில காலமாக அந்த நன்றியில் ஒரு ஜாம் பன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதுவும் முழு பன் இல்லை, அரை பன். சிரிக்காதீர்கள் கண்ணுகளா. கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள், நானும் கூடச் சிரிக்கிறேன்.

என் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி, பஸ் ஓட்டுகிறவர். மாடியில் அவர் குடும்பம், கீழே நாங்கள், அடுப்பு மட்டும் ஒன்று. அவருக்கு ஸ்டியரிங் என்றால் உயிர். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் பிரேக்கைத் தேடும். "இந்த மனுஷனுக்கு நான் ரெண்டாம் தாரம்தான் அக்கா, மூத்தவ டிப்போவுல நிக்கிறா" என்பாள் என் ஓரகத்தி.

அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அவரும் தவறாமல் போட்டுக்கொண்டார். ஆனால் வாயைக் கட்டவில்லை. மாத்திரை ஒரு பக்கம் இறக்க, இனிப்பு மறுபக்கம் ஏற்ற, இரண்டுக்கும் நடுவில் இவர் உடம்பு ஊஞ்சல் ஆடியது. டிப்போவில் ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஓட்டுநர் இருக்கை போய்விடும், உதிரி பாகங்கள் வைத்திருக்கும் அறையில் உட்கார்த்திவிடுவார்கள். போன முறை பார்த்த மருத்துவ அதிகாரி, அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் வேறு வழியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் நட்டையும் போல்ட்டையும் பார்த்துக்கொண்டே ஓய்வு பெறவேண்டுமா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் என் ஓரகத்தியின் தம்பி. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுக்கிறவன். நல்ல பிள்ளை, பாசக்காரன். கையை மடக்கினால் சட்டை அழும், அப்படி ஒரு உடம்பு. கற்கால மனிதர்கள் எப்படிச் சாப்பிட்டார்களோ அப்படியே சாப்பிட்டால் எல்லா நோயும் ஓடிவிடும் என்பது அவன் கட்சி. விவசாயம் வந்த பிறகு வந்த எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. அரிசி, ரொட்டி, பருப்பு, பால், சர்க்கரை எல்லாம் விலக்கு. இறைச்சி, மீன், முட்டை, கீரை, காய், கொட்டைகள் மட்டும் சரி.

"நம்ம உடம்பு இன்னும் கற்காலத்துலதான் இருக்கு அத்தான். பன்னுன்னா என்னன்னே வயித்துக்குத் தெரியாது."

"என் வயித்துக்கு நல்லாத் தெரியும் மாப்ள. ரொம்ப நாள் சிநேகிதம்" என்றார் இவர்.

சிரித்துக்கொண்டே சொன்னாரே தவிர, மறுநாளே ஆரம்பித்துவிட்டார். உயிர் போகிற பயத்தில் இருப்பவனுக்கு யாராவது கயிறு நீட்டினால், அது எந்த மரத்தில் கட்டியிருக்கிறது என்றா பார்ப்பான்?

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். தொடங்கும்போது அந்த மச்சான், ஓரகத்தியின் தம்பி, கேட்டிருக்கிறான், ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்று. பாறை மாதிரி நின்ற அந்தப் பிள்ளைக்கு முன்னால் தன்னை நோயாளி என்று சொல்லிக்கொள்ள இவருக்கு வெட்கம். இல்லை என்று தலையாட்டிவிட்டார். மாத்திரை கொடுக்கிற டாக்டரம்மாவிடமாவது சாப்பாட்டை மாற்றியதைச் சொன்னாரா? அதுவும் இல்லை. பரிசோதனை அன்று எல்லாரையும் அசத்தவேண்டுமாம். என் ஓரகத்திக்கு மாத்திரை தெரியும், ஆனால் தம்பிக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். அவரவர் கையில் பாதிப் பாதி விஷயம் இருந்தது. சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல. அடுக்களையில் ஒரு பக்கம் எங்கள் சோறு, இன்னொரு பக்கம் இவருடைய வேகவைத்த முட்டைக்கோஸ். அந்த வாசனையில் பூனைகூட எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது. கேஸ் அடுப்பு கற்காலத்தில் ஏது தம்பி என்று கேட்டேன். நெருப்பு உண்டு அண்ணி என்றார். டிப்போவில் அவருக்குக் 'குகையார்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆனால் பலன் தெரிந்தது, அதை மறைக்கக்கூடாது. தொப்பை இறங்கியது. மாடிப்படி ஏறி வந்தால் முன்பெல்லாம் புகைவண்டி மாதிரி மூச்சு வாங்குவார், இப்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏறினார். மாலையில் நடக்கவும் ஆரம்பித்தார். கண்ணில் ஒரு தெளிச்சி வந்தது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம்.

கண்டக்டர் ஒருவருக்குத்தான் வருத்தம். அவரும் இவரும் ஒரே வண்டியில் பல வருஷமாக இணை. ஒவ்வொரு நாளும் முதல் நடை முடிந்து பஸ் திரும்பும் இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே கண்டக்டர் ஒரு ஜாம் பன் வாங்கி இரண்டாகப் பிட்பார். எந்தப் பாதியில் ஜாம் அதிகமோ அது சிநேகிதனுக்கு. குகையார் பன்னைத் துறந்த பிறகும் கண்டக்டர் வாங்கிக்கொண்டுதான் இருந்தார், கடையில் அரை பன் விற்கமாட்டார்களே. அடுத்தவன் பங்கைத் தின்னவும் அவருக்கு மனம் வராது. ஆகவே அந்தப் பாதியைக் காகிதத்தில் சுற்றி டிக்கெட் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் டிப்போ வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போடுவார். இவர் இளைக்க இளைக்க அந்த நாய் பெருத்தது.

பரிசோதனை நெருங்க நெருங்க இவருக்கு வைராக்கியம் முற்றியது. குகை மனிதன் எழுந்ததும் பல் விளக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தானா, வேட்டையாடிய பிறகுதானே சாப்பிட்டான் என்று காலைச் சாப்பாட்டையும் நிறுத்தினார். மாத்திரையை மட்டும் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டுக் கிளம்புவார். ஒரு முட்டையாவது வாயில் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி என்று நான் பின்னாலேயே போவேன். வேட்டைக்கு நேரமாகிவிட்டது அண்ணி என்பார்.

அன்றைக்கு நடந்ததைக் கண்டக்டர்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னார். இரண்டாவது நடை. அலுவலகக் கூட்டம், நிற்க இடமில்லை. ஒரு நிறுத்தத்தில் மணி அடித்தும் வண்டி நிற்கவில்லை. மறுபடி அடித்தார், நிற்கவில்லை. இறங்கவேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூட விட்டுவிட்டுப் போனவர் இல்லை குகையார். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போவதற்குள் வண்டி மெதுவாகி, ஓரம் கட்டி, நின்றது. அந்த நிலையிலும் கைபிரேக்கை இழுத்திருக்கிறார் மனுஷன். அந்தக் கைக்கும் ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

முகம் பிழிந்த துணி மாதிரி நனைந்திருந்ததாம். கை நடுங்கியதாம். யார் நீ என்பது போல் பார்த்தாராம். கண்டக்டரின் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது, அதனால் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. டிக்கெட் பைக்குள் கை விட்டார். அரை பன் வந்தது.

"வாயைத் திற."

குகையார் தலையை ஆட்டினாராம். "அதுல மாவு இருக்கு. கற்காலத்துல பன்னு கிடையாது."

"கற்காலத்துல பஸ்ஸும்தான் கிடையாது. திறடா வாயை."

இத்தனை வருஷத்தில் அவர் இவரை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியிலோ என்னவோ வாய் திறந்தது. ஜாமை முதலில் விரலால் வழித்து நாக்கில் தடவிவிட்டு, பிறகு பன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டு ஊட்டியிருக்கிறார். முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் தன் மகளின் பழச்சாற்றை எடுத்து நீட்டினாள். அந்தச் சின்னக் குட்டி, மாமா முழுசும் குடிக்கட்டும் என்றாளாம். பின்னாலிருந்து ஒருத்தர் ஆபீசுக்கு நேரமாச்சு என்று கத்தியபோது, கூட்டமே திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் இவருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. கண்டக்டரைப் பார்த்து, நிறுத்தத்தை விட்டுட்டேனா என்றுதான் முதலில் கேட்டாராம்.

வேறு ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்தார். கண்டக்டர் இவரை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார், நாங்களும் ஓடினோம், மச்சானும் வந்துவிட்டான். டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பாதிப் பாதியாக இருந்த விஷயமெல்லாம் மேஜைமேல் ஒன்றாகச் சேர்ந்தது. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:

"ஆதிகால மனுஷன் சர்க்கரை மாத்திரை போட்டுக்கலைங்க. நீங்க அவன் சாப்பாட்டைச் சாப்பிட்டு, நம்ம காலத்து மாத்திரையைப் போட்டிருக்கீங்க. அதுவும் வெறும் வயித்துல. இனிப்பை நிறுத்தினா மாத்திரையையும் குறைக்கணும், அதை நான்ல குறைக்கணும்?"

மச்சான் சுவரோரம் போய் நின்று அழுதான். டாக்டரம்மா அவனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவன் சொன்னதில் பாதி நல்லதுதான் என்றார். இனிப்பையும் பொட்டலத் தீனியையும் விட்டது, காயும் மீனும் கூடியது, நடந்தது எல்லாம் இவருக்கு நன்மை செய்திருக்கிறது, ரத்தமே அதைச் சொல்கிறது. ஆனால் பருப்பும் தயிரும் முழுத் தானியமும் யாருக்கும் விரோதி இல்லை, அளவு பார்த்தால் போதும். கற்காலத்திலும் எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிடவில்லையாம். கடலோரம் இருந்தவன் மீன் தின்றான், காட்டில் இருந்தவன் கிழங்கு தோண்டினான், சிலர் புல்விதையைக் கல்லில் இடித்தும் தின்றார்கள். கிடைத்ததைச் சாப்பிட்டுப் பிழைத்த ஜனங்கள், நம்மைப் போல.

வெளியே நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் பெரிய கேள்வி வந்தது. பரிசோதனை பக்கத்தில். ரத்தத்தில் இனிச் சர்க்கரை கட்டுக்குள்தான் காட்டும். ஆனால் ஓட்டும்போது மயக்கம் வந்தது என்று தெரிந்தால் இருக்கையை விட்டு இறக்கிவிடுவார்கள். எப்போது திரும்ப ஏற்றுவார்கள், ஏற்றுவார்களா என்றே சொல்லமுடியாது. கண்டக்டர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"வண்டியில கோளாறுன்னு எழுதிக்கலாம். நான் ஒண்ணும் பார்க்கல. சில்லறை எண்ணிக்கிட்டு இருந்தேன்."

என் ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கொழுந்தனைக் காட்டினேன். அது அவர் எடுக்கவேண்டிய முடிவு.

இவர் ரொம்ப நேரம் வலது காலைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தச் சின்னப் பொண்ணு ஜூஸ் குடுத்துச்சே, அதுவும் என் வண்டியிலதான இருந்துச்சு" என்றார். "வெக்கப்பட்டு ஒரு தடவை மறைச்சேன், அதுக்கே இவ்வளவு. நானே போய்ச் சொல்லிடறேன்."

சொன்னார். மருத்துவ அதிகாரி முழுக்கக் கேட்டுவிட்டு, உடம்பு நிலைப்பட்டு டாக்டரம்மா கையெழுத்துப் போடும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்றார். எந்த அறைக்குப் பயந்தாரோ அந்த அறைக்கே போனார், நட்டும் போல்ட்டுமாக இருந்தார். மத்தியானம் கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டில் இரண்டு சமையல் ஒன்றாயிற்று. எல்லாருக்கும் காய் அதிகம், சோறு கொஞ்சம், பருப்பு உண்டு. முட்டைக்கோஸை நான் தாளித்துக் கொடுத்தேன், கோபித்துக்கொண்டு போன பூனையும் திரும்பி வந்தது. மச்சான் இப்போது உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேரும் யாரிடமும் முதலில், "மாத்திரை போடறீங்களா? வெக்கப்படாம சொல்லுங்க" என்றுதான் தொடங்குகிறான்.

இருக்கை திரும்பக் கிடைத்தது கண்ணுகளா. உண்மையைத் தானே வந்து சொன்னவர் என்று அந்த அதிகாரியே எழுதிக் கொடுத்திருந்தாராம். முதல் நாள் முதல் நடையில் நானும் ஓரகத்தியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தோம். ஒரு நிறுத்தத்தையும் விடவில்லை.

பஸ் திரும்பும் இடத்தில் கண்டக்டர் ஜாம் பன் வாங்கினார். காலையில் முட்டையும் ரொட்டித் துண்டும் சாப்பிட்டு வந்திருந்த குகையாருக்கு ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துணுக்கு மட்டும் பிட்டுக் கொடுத்தார். ஜாம் இல்லாத ஓரம். தன் பாதியைத் தான் தின்றார். மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றினார்.

"அது நாய்க்கா?" என்றார் குகையார்.

"நாய் வேற வழி பார்த்துக்கும்" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் அந்தப் பொட்டலத்தை டிக்கெட் பைக்குள் வைத்து மூடினார். "ஏறு. நேரமாச்சு."

அவர் ஏறினார். வலது காலுக்கு பிரேக் கிடைத்தது.