பஸ்ஸில் கொடுத்து வைத்த முடியாது

மணப்பாறையிலிருந்து விராலிமலைக்குப் போகும் ஒன்பதே முக்கால் பஸ்ஸில், நிற்கிறவர்கள் சுமந்து வருவதை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். மற்ற ஊர் பஸ்களிலும் இது உண்டுதான். ஆனால் அங்கெல்லாம் பையையும் கைப்பிள்ளையையும் வாங்கிக்கொள்வதோடு சரி. இந்த பஸ்ஸில் முழங்கால் வலியையும் வாங்கிக்கொள்வார்கள். இருமல், பல்வலி, பரீட்சை பயம், காலையில் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சு, எதுவானாலும் சரி. இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். வைத்திருப்பவர் அதைப் பிரிக்கவோ எடுத்துப் புழங்கவோ கூடாது. வேறு சட்டதிட்டம் எதுவும் கிடையாது.

அந்த வியாழக்கிழமை குணசுந்தரி அந்த பஸ்ஸில், வாய்விட்டுச் சொல்லாமல் சேர்த்துவைத்திருந்த ஒரு 'முடியாது'வைக் கொண்டுபோனாள்.

அது விளைய பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மாமனார் படுக்கையில் விழுந்த புதிதில், கணவனின் அண்ணன் சிதம்பரநாதன் அவரைக் காரில் கொண்டுவந்து, "ஒரு மாசம் உங்கிட்ட இருக்கட்டும்மா" என்று இறக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு அது கடுகளவு இருந்தது. பரண்மேல் பொங்கல் பானைக்குப் பின்னால், பழைய நைட்டியில் சுற்றி வைத்தாள். வாரம் ஒருமுறை புரட்டிப் போடுவாள், இல்லாவிட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும். காலை நாலரைக்கு எழுந்து, மாமனாரைப் புரட்டி, துடைத்து, கஞ்சி ஊட்டி, துணி அலசி, கணவனுக்கு டிபன் கட்டி, நிமிர்ந்து பார்த்தால் விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருக்கும். அப்படி ஒரு நாளுக்கு ஒரு சுற்று என்று ஏறி, இப்போது அது நடுத்தரப் பலாப்பழம் அளவுக்கு வந்திருந்தது.

போன வாரம் பெரியத்தான் போன் செய்தார். அவளுக்குப் பெரியத்தான் என்றால் அந்தச் சிதம்பரநாதன்தான். மாமனாரின் தம்பியையும் இனி அவளே பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் அபிப்பிராயப்படுகிறார்களாம். வியாழக்கிழமை விராலிமலைக்கு வந்தால் பேசி முடித்துவிடலாமாம். அந்த வீட்டில் ஒரு வழக்கம்: எந்தப் பேச்சையும் மதியம் இலை போடுவதற்குள் பேசிவிட வேண்டும். பன்னிரண்டரைக்கு இலை விழுந்துவிட்டால், அதுவரை மறுத்துச் சொல்லாதவர்கள் எல்லாரும் சம்மதித்ததாக அர்த்தம். குணசுந்தரியின் கல்யாணமும் அப்படி ஒரு இலையில்தான் முடிவானது.

இரண்டு பேரையுமே முடியாது என்று சொல்லிவிட வேண்டும், அதற்கு இது தாங்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். கணவன் ஞானவேல் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "கனமா இருக்கும்போல. பாத்துப் போ" என்றான். கட்டைப்பையில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தால் பை நழுவியது, பையைப் பிடித்தால் அவள் நழுவினாள். மூன்றாவது சீட்டில் ஜன்னலோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் மேல் ஓம வாசனை அடித்தது. மடியில் ஏற்கெனவே ஒருவருடைய இருமலும் இன்னொருவருடைய முட்டிவலியும் இருந்தன.

"குடுங்கக்கா, இதையும் வெச்சுக்கிறேன்."

"கனம்."

"பரவால்ல. நாள் பூரா முறுக்கு சுத்துற கைதானே."

குணசுந்தரி யோசித்தாள். பதினோரு வருஷத்தில் அதை அடுத்தவர் கையில் கொடுத்ததில்லை. கண்டக்டர் பின்னாலிருந்து, "பாரத்த வெச்சுக்கிட்டு நிக்காதீங்கம்மா, மத்தவங்க எறங்கணும்ல" என்றார். கொடுத்துவிட்டாள்.

கொடுத்த மறுநிமிஷம் நின்றபடியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது கைக்கடிகாரத்தில் பதினொன்றே கால். அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் நின்று தோளால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். முறை வைத்து மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. பஸ்ஸில் யாரும் பேசவில்லை. மூன்றாவது சீட்டு காலியாக இருந்தது. வெளியே நாலுவழிச் சாலை வழவழவென்று போய்க்கொண்டிருந்தது.

"விராலிமலை வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"அது போயி அரை மணி ஆச்சும்மா" என்றார் கண்டக்டர், குரலைத் தாழ்த்தி. தாழ்த்தத் தேவையில்லை என்பது உறைத்ததும் சாதாரணமாகப் பேசினார். "நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க. உள்ரோட்டுல போனா வேகத்தடை. குலுக்கும். அதான் டிரைவர் இப்படி நாலுவழிச் சாலையில விட்டுட்டாரு."

"எழுப்ப வேண்டியதுதானே."

"நின்னுக்கிட்டே தூங்குறவங்கள எப்படிம்மா எழுப்புறது?"

"ஒக்காரவாவது வெச்சிருக்கலாம்."

"ஒக்கார வெக்கணும்னா எழுப்பணும்ல."

அவள் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பேர். அத்தனை பேரும் தங்கள் தங்கள் ஊரைத் தாண்டி வந்திருந்தார்கள். ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவந்தவர் மட்டும் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். யார் கேட்டது இதையெல்லாம் என்று குணசுந்தரிக்குத் தோன்றியது. ஒரு நன்றி சொல்வதற்கே அவளிடம் தெம்பில்லை. நாற்பத்திரண்டு நன்றிக்கு எங்கே போவாள்.

"என் முடியாது எங்கே?"

"முறுக்கு சுத்துற பவுனம்மாகிட்டதானே குடுத்தீங்க? அவங்க புங்கமரத்து விலக்குல எறங்கிட்டாங்க. இருமல், முட்டிவலியெல்லாம் உரியவங்ககிட்ட திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒங்களோடத மட்டும் கையோட கொண்டுபோயிட்டாங்க. அதக் குடுக்கணும்னா ஒங்கள எழுப்பணுமாம்."

"அதுக்காக?"

"மனசு வரலன்னாங்க."

"எனக்குப் பன்னெண்டரைக்குள்ள அது வேணும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். டிரைவர் ஒன்றும் கேட்காமல் பஸ்ஸைத் திருப்பினார்.

புங்கமரத்து விலக்கில் இறங்கி, இரண்டாவது தெருவில் விசாரித்தாள். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே ஆளரவம் இல்லை. பவுனம்மா கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை நிமிர்த்திப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. நானே சாயந்தரம் கொண்டாந்து குடுக்கலாம்னு இருந்தேன். வெலாசந்தான் தெரியல."

"எங்க அது?"

பவுனம்மா நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள்.

"பிரிச்சீங்களா?"

"பிரிச்சேங்க்கா. தப்புத்தான்."

நடந்தது இதுதான். அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது, அவளுடைய கொழுந்தன் ஏழு பேரைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தான். அவள் மகள் தேன்மொழிக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாவது படிக்கிறாள். மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு. அடுத்த முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம், பரீட்சையெல்லாம் எதற்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பவுனம்மாவைப் பார்த்தார்கள்.

"எனக்கு சரி, சரின்னே சொல்லிப் பழக்கம். முடியாதுன்னு ஒண்ணு எங்க வீட்டுல இருந்ததே இல்லக்கா. எங்கம்மா வீட்டுலயும் இல்ல. கையில ஒங்களோடது இருந்துச்சு. தூக்கி நடுவுல வெச்சுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுட்டாங்க. செருப்பக்கூட மாட்டல."

குணசுந்தரி திரும்பி வாசலைப் பார்த்தாள். நல்ல செருப்புகள். இரண்டு ஜோடி புதுசு.

"மிச்சம்?"

பவுனம்மா முந்தானையை அவிழ்த்துக் காட்டினாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. அதிலும் ஒரு பக்கம் வாடியிருந்தது.

நன்றாக நாலு கேட்க வேண்டும் என்றுதான் குணசுந்தரி வாயைத் திறந்தாள். பதினோரு வருஷம் என்று ஆரம்பிக்க வேண்டும், அடுத்தவர் சொத்து என்று தொடர வேண்டும். எல்லாம் வரிசையாகத் தொண்டை வரை வந்தது. உள்ளறையில் அந்தப் பெண் தரையில் குப்புறப் படுத்து, தவளையின் இதயத்தை வரைந்துகொண்டிருந்தாள். மூன்று அறை. இரண்டுக்கு வண்ணம் அடித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு எந்தப் பென்சில் என்று வாயில் ஒன்றும் கையில் ஒன்றுமாக யோசித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்படி முந்தானையிலயா முடிஞ்சு வெப்பாங்க?" என்றாள் குணசுந்தரி. "காத்துப் பட்டா இன்னும் சுருங்கும். ஒரு டப்பாவுல போட்டுக் குடுங்க."

பவுனம்மா முறுக்கு டப்பா ஒன்றைக் காலிசெய்து, துடைத்து, அதில் போட்டு மூடிக் கொடுத்தாள். பஸ் விலக்கிலேயே நின்றுகொண்டிருந்தது.

விராலிமலை வீட்டில் வாழையிலையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு இருபது. சின்ன மாமனார் தன் டிரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, வழியில லேட்டா?" என்றார் பெரியத்தான். "பெரிசா ஒண்ணும் இல்ல. ஒருத்தருக்கு வெக்கிற கஞ்சி. ரெண்டு டம்ளர் தண்ணி சேத்து ஊத்துனா ரெண்டு பேருக்கு ஆச்சு."

"குணா கை பட்டாத்தான் பெரியவங்களுக்கு ஒடம்பு தேறுது" என்றாள் அவர் மனைவி சரோஜினி, இலையைக் கழுவியபடி. "எனக்கெல்லாம் அந்தக் கைராசி இல்ல."

"ஆமாக்கா. ஒங்க கையில இலை கழுவுற ராசி இருக்கு" என்றாள் குணசுந்தரி. டப்பாவைத் திறந்து, இருந்ததை எடுத்து டீப்பாயின் நடுவில் வைத்தாள்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஒங்கிட்ட பெருசா ஒண்ணு விளையுதுன்னு ஞானவேல் சொன்னானே?" என்றார் பெரியத்தான்.

"பெருசாத்தான் இருந்துச்சு. வழியில ஒருத்தங்களுக்கு வேண்டியிருந்துச்சு."

அவர் அதை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். இந்த விஷயங்களில் அவர் நியாயமான மனிதர். "இது ஒருத்தருக்குத்தாம்மா காணும்."

"தெரியும்."

"அப்ப யாருக்குன்னு சொல்லிரு. இலை போட்டுருவாங்க."

குணசுந்தரி யோசித்தாள். சின்ன மாமனார் தன் காலால் நடப்பவர். வெந்நீரும் செய்தியும் இருந்தால் போதும். அவரை ஏற்றுக்கொண்டு மாமனாரை இங்கே அனுப்பிவிட்டால், காலை நாலரை ஆறரையாகும். பதினோரு வருஷமாக அவள் மனசுக்குள் கேட்டது அதைத்தான். ஆனால் மாமனாரை எந்தப் பக்கம் முதலில் புரட்ட வேண்டும் என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்தாம் நாள் முதுகு புண்ணாகும். பதினோராம் நாள் பெரியத்தானிடமிருந்து போன் வரும். அந்தப் புண்ணையும் அவள்தான் வந்து கழுவ வேண்டியிருக்கும், அதுவும் பஸ் ஏறி வந்து.

"சின்ன மாமாவுக்கு" என்றாள்.

பெரியத்தான் தலையாட்டினார். டீப்பாயின் மேலிருந்தது கரைந்து, ஒரு ஈர வட்டம் மட்டும் மிஞ்சியது. சரோஜினி அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு இலையைப் போட்டாள். சின்ன மாமனார் துண்டை அவிழ்த்து டிரான்சிஸ்டரைத் திருகி, "மணி என்ன, செய்தி போயிருச்சா?" என்று கேட்டார். வத்தக்குழம்பில் உப்பு குறைவாக இருந்தது. குணசுந்தரி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

மூன்று மணி பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. காலை நீட்டினாள். வீட்டுக்குப் போனதும் மாமனாரைப் புரட்ட வேண்டும். மதியம் ஞானவேல் புரட்டியிருக்க மாட்டான், கேட்டால் அவர் தூங்கினார் என்பான். அதை நினைத்தபோது நாக்கின் அடியில் ஏதோ நெருடியது. விரலால் எடுத்துப் பார்த்தாள். கடுகளவு. புதுசு. அதை முறுக்கு டப்பாவில் போட்டு மூடினாள்.

பஸ் கிளம்புகிற நேரத்தில், வெள்ளை வேட்டி கட்டிய ஒல்லியான ஒருவர் பின்படியில் ஏறினார். இடுப்பில் விராலிமலைக் கோயில் குன்றையே வைத்திருந்தார். ஊர் நடுவே அது இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. கூட்டத்தில் ஒருக்களித்து, யார் மேலும் இடிக்காமல் அவள் சீட்டருகே வந்து நின்றார்.

"கொஞ்சம் வெச்சுக்கிறீங்களாம்மா? கை கடுக்குது."

"எங்க எறங்கணும்?"

"மணப்பாறைதான்."

"குடுங்க."

டப்பாவைக் காலடியில் வைத்துவிட்டு மலையை வாங்கிக்கொண்டாள். மயில் ஒன்றின் தோகை ஜன்னலுக்கு வெளியே போனது, அதை உள்ளே இழுத்துவிட்டாள். படிக்கட்டு இருக்கும் பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பாதிப் படியில் இரண்டு பேர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேலே போய்ச் சேரும்வரை முழங்காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.